வாரத்து முட்டை

— கேக்கறதக் கேளு பேராச்சி, ஆனா அந்தக் கோழியக் கீழ விட்டுட்டுக் கேளு. கக்கத்துல போட்டு நெரிக்கிற. அது வாயத் தொறந்து மூச்சு வாங்குது பாரு.

— என் கோழிய எனக்குப் பாத்துக்கிடத் தெரியும். நீங்க மொதல்ல பதில் சொல்லுங்க. மூணு வருசமா உங்க வீட்டுக் கோலி வாசப்படிய நான் மிதிக்கல. இன்னைக்கு வந்து நிக்கேன்னா சும்மா வருவேனா?

— வர மாட்டே. தெரியும். அண்ணாச்சிக்குப் பதினாறு முடிஞ்சதும் நானே உன்னப் பாக்க வரணும்னு இருந்தேன். நீ கதவச் சாத்திட்டா என்ன பண்றதுன்னுதான் வரல. எடுத்த அன்னைக்கும் கல்லிச் சந்து முனையிலயே நின்னுட்டேன்.

— பாத்தேன். முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு அழுதிய. நான் என் புருசனப் பாப்பேனா, நீங்க அழுததப் பாப்பேனா?

— பழகின மனுசன். அழுகை வராதா?

— வரட்டும். அழுகைக்கு நான் ஒண்ணும் சொல்லல. மறுவாரம் கோமதியம்மா துக்கம் கேக்க வந்தா. வந்தவ கேட்டுட்டுப் போகாம, 'ஏஞ்சலம்மா கோழி மேல பிரம்மநாயகம் அண்ணாச்சிக்கு வாரம் இருந்துச்சே, இனி அந்தப் பாதி முட்டைய நீ போயி வாங்கிக்க'ன்னா. என்ன வாரம்னு கேட்டேன். ஊருல ஆடு கோழிய வாரத்துக்கு விடுவோம்லா, பாத்துக்கிடுதவனுக்குப் பாதி, உடையவனுக்குப் பாதி, அதே வாரம்தான்னா. ரெண்டு வருசமா நடந்துச்சாம். கல்லி முச்சூடும் தெரியுமாம். பொண்டாட்டிக்காரி எனக்குத் தெரியல.

— கோமதிக்கு வாயில பூட்டே கிடையாது.

— அவ வாய விடுங்க. வாரம் உண்டா, இல்லியா?

— உண்டு.

— அப்பம் நான் கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். அவிய பங்கு முட்டை எங்க போச்சு? தோல் ஷாப்புல இருந்து அஞ்சரைக்கு வருவாவ. கைகால் கழுவுவாவ. 'ஏஞ்சலம்மா கோழியப் பாத்துட்டு வாறேன்'னு கிளம்புனா ஏழரைக்குத்தான் திரும்புவாவ. வெறுங்கைய வீசிக்கிட்டு. ரெண்டு வருசத்துல இங்க இருந்து ஒரு முட்டை என் அடுப்புக்கு வந்ததில்ல. யாருக்குக் குடுத்தாவ? இங்கயே அவிச்சு ரெண்டு பேரும் தின்னியளா? இல்ல, அவியளுக்கு வேற எங்கயும் ஒரு வீடு இருந்துச்சா?

— மாதாவே. அந்த மனுசனையா இப்படிக் கேக்குற?

— ஆமா பின்ன. செத்தவியளப் பத்தி இப்படி நினைக்கலாமான்னு கேப்பிய. நினைக்கேன். அழ வேண்டியவ, முட்டைய நினைச்சுக்கிட்டுக் கிடக்கேன். சோறு எறங்கல. அதத் தெரிஞ்சுக்கிட்டா எனக்கு ஒழுங்கா அழவாவது வரும்.

— உக்காரு. இந்தா முக்காலி.

— இதுல யாரு இருப்பா?

— இப்ப யாரும் இல்ல. அண்ணாச்சி உக்காருவாரு.

— அப்பம் நான் தரையிலயே இருந்துக்கிடுதேன்.

— சரி. கோழிய மட்டுமாவது குடு. அரே, என்ன இது, காலு இப்படி இருக்கு? செதில் எல்லாம் தூக்கிக்கிட்டு, சுண்ணாம்பு பூசின மாதிரி. இதுக்குக் கீழ பூச்சி இருக்கு பேராச்சி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. இந்தத் தோலு ஏன் வெந்து கிடக்கு? என்ன வச்சே?

— மண்ணெண்ணெ. அவிய அதத்தான வைப்பாவ.

— வெறும் மண்ணெண்ணெயா? ஏக்தம் புண்ணாக்கி வச்சிருக்கியே. அண்ணாச்சி தனியா வைக்க மாட்டாரு. மொதல்ல வெந்நீர்ல கால ஊற வைக்கணும். ஊறுனதும் பிரஷ்ஷால மெதுவாத் தேய்க்கணும், ரத்தம் வரக்கூடாது. அப்புறம் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில நாலே சொட்டு மண்ணெண்ணெ. நாலுன்னா நாலு.

— உங்களுக்குச் சொட்டுக் கணக்கு வர தெரிஞ்சிருக்கு.

— தினம் பாத்தா தெரியாதா?

— நானும் தினம் பாத்தவதான். எங்க கோழிக்கு வாசல்ல வச்சுச் செய்வாவ, நான் உலை வைக்கப் போயிட்டு வாறதுக்குள்ள முடிஞ்சிரும். 'என்ன போட்டிய'ன்னு கேட்டா 'மண்ணெண்ணெ'ம்பாவ. அம்புட்டுதான். எனக்கு ஒத்த வார்த்த, உங்களுக்கு நாலு சொட்டா?

— வெந்நீர் கொண்டாறேன், பிடிச்சுக்க. செறகச் சேத்துப் பிடி, இல்லன்னா அடிச்சுக்கும். கருப்பி, சும்மா இரு. இவளுக்கு என்ன வயசாச்சு?

— எட்டு முடிஞ்சு ஒம்பது. காளா கில்லாப் பக்கம் நாங்க மொதல்ல குடியிருந்தப்ப குஞ்சா வாங்குனது. கூடப் பிறந்ததெல்லாம் போயிட்டு. இவ ஒருத்திதான். இவ... அந்தப் பிரஷ்ஷக் காட்டுங்க.

— ஏன்?

— காட்டுங்க. பச்சைப் பிடி. நுனியில பல்லால கடிச்ச தடம். இது அவிய பல்லு தேய்க்கிற பிரஷ்ஷு. ரெண்டு வருசத்துக்கு முந்தி இதக் காணும்னு கோலி முழுக்கத் தேடுனேன். 'எலி தூக்கிட்டுப் போயிருக்கும், புதுசு வாங்கிக்கிடுதேன்'னாவ.

— கோழிக் காலுக்கு வேணும்னு கொண்டாந்தாரு. பழசு பேராச்சி, பழைய பிரஷ்ஷு.

— பழசாவே இருக்கட்டும். வாயில வச்சது.

— இத எடுத்துக்கிட்டுப் போ, சத்தியமா. தேய்ச்சு முடிச்சதும் கழுவித் தாறேன்.

— கோழிக் காலத் தேய்ச்சத வச்சு நான் என்ன செய்ய? தேயுங்க.

— மெதுவாத்தான் தேய்க்கிறேன். நீ அவ மூஞ்சியத் துணியால மூடு, இருட்டாத் தெரிஞ்சா அடங்கிரும். அப்படித்தான். இதுவும் அண்ணாச்சி சொன்னதுன்னு நான் சொல்லல, நீயா நினைச்சுக்காத.

— அவிய சொன்னதுதான?

— அவர் சொன்னதுதான்.

— இங்க நிறையப் பேசுவாவளோ?

— பேசுவாரு.

— என்ன பேசுவாவ?

— என்னத்தச் சொல்ல. கோழி கத. ஷாப்பு கத. அந்த மேஸ்திரி, ஷாகுல் ஹமீது பாய், சுண்ணாம்புத் தொட்டியில வழுக்கி விழுந்தாரே, அத நடிச்சே காட்டுனாரு. ஒரு பக்க மீசை மட்டும் வெளுத்துப் போயி எந்திரிச்சாராம். முதலாளி வந்தப்ப கறுப்பு மீசைப் பக்கத்தக் காட்டிக்கிட்டே நின்னாராம். முதலாளி சுத்தி வந்தா இவரும் சுத்துறாராம். சொல்லும்போதே அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்காம டாலி மேல தண்ணியக் கொட்டிட்டாரு.

— டாலி யாரு?

— அதோ, ஓரத்துல நிக்கிற வெள்ளக்கோழி. தாதர்ல நான் வேலை செய்ற வீட்டுப் பார்சி அம்மா வச்ச பேரு.

— சிரிச்சாவளா?

— கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும்.

— எனக்கு அந்தக் கத தெரியாது. மேஸ்திரி விழுந்தாருன்னே தெரியாது. சோறு போடவான்னா 'ம்'. போதுமான்னா 'ம்'. ரேஷன்ல போடுத மைலோச் சோள மாவுல களி கிண்டிப் போட்டா அது வாயில ஒட்டும், அதையும் 'ம்'முன்னு தின்னுட்டு எந்திரிப்பாவ. ஆக்கங்கெட்ட ரேஷன, ஆக்கங்கெட்ட சோறுன்னு வையவாவது செய்யலாம்லா? வைய மாட்டாவ. நான் நினைச்சேன், இவியளுக்குப் பேச்சே கம்மின்னு. கம்மியில்ல. இங்க கொண்டாந்து கொட்டியிருக்காவ.

— வீட்டுல பேச பயம் அவருக்கு.

— என்னையப் பாத்தா?

— மூணாவதும் தங்காமப் போனதுக்கப்புறம் நீ மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டுப் படுத்துருவியாம். என்ன பேசினாலும் அது எங்கயோ போயி முட்டிக்கிட்டு உனக்கு அழுகையா வருதுன்னாரு. அதான்.

— அதையும் உங்ககிட்டதான் சொன்னாவளா? எனக்குப் பிள்ள தங்காதது, நான் செவுத்தப் பாத்துப் படுத்தது, எல்லாத்தையும்? 'குஞ்சு தங்காத வீடு'ன்னு என்னையச் சொன்ன வாயிகிட்டயா?

— பேராச்சி.

— சொன்னியளா இல்லியா? உங்க பார்சிக்காரி தந்த வெள்ளக்கோழி நாலு வந்து எறங்குன மாசம், என் கோழிக்குஞ்சு பதினோண்ணும் வெள்ளையாக் கழிஞ்சு கழிஞ்சு செத்துச்சு. உங்க கோழிதான் நோவு கொண்டாந்துச்சுன்னு சொன்னேன். கோபத்துலதான் சொன்னேன். அதுக்கு நீங்க குழாயடியில நின்னு, அம்புட்டுப் பேரு முன்னால, 'குஞ்சு தங்காத வீடு அது, என் கோழியச் சொல்லாதே'ன்னிய.

— கோழிக்குஞ்சத்தான் சொன்னேன்.

— கேட்டவ ஒருத்தியும் அப்படி எடுக்கல.

— இல்ல. நானும் கோழிக்குஞ்ச மட்டும் நினைச்சுச் சொல்லல. பொய் பேசல இப்ப. அந்த வார்த்தைக்காக மூணு வருசமா மாகிம் கோயில்ல ஒவ்வொரு புதன்கிழமையும் மெழுகுவர்த்தி வச்சிருக்கேன். உன்கிட்ட வந்து சொல்லத்தான் வாய் வரல.

— அப்படிச் சொன்ன வீட்டுக்கு என் புருசன் கோழி பாக்க வாறாவ. 'அந்த வீட்டுக்கா'ன்னு கேட்டேன். 'கோழி என்ன பாவம் செஞ்சுது'ன்னாவ. நான் பொறவு கேக்கல. கேக்காட்டா போறது நிக்கும்னு நினைச்சேன், நிக்கல.

— இந்தக் காலு முடிஞ்சுது. அடுத்தத ஊற வைப்போம். இரு, பின்பக்க இறகத் தூக்கிப் பாக்கறேன். ஆ... பேனும் இருக்கு. பாரு, இறகு அடியில வெள்ளையாக் கொத்துக் கொத்தா ஒட்டியிருக்கே, அத்தனையும் பேன் முட்டை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி இருக்கு. வயித்துல பூச்சியும் இருக்கும். பூண்டும் வேப்பங்கொழுந்தும் அரைச்சு மிளகு அளவுக்கு உருட்டித் தாறேன், வெறும் வயித்துல குடு. இறகுக்குச் சாம்பலும் பொகையிலத் தூளும் கலந்து போடணும்.

— அவிய இருக்க வர இவளுக்கு ஒண்ணும் இல்ல. இல்லன்னா இந்த வயசுல முட்டையிடுவாளா?

— யாரு?

— இவதான். கருப்பி. ஒம்பது வயசுல ஒரு கோழி நாள் தவறாம முட்டையிடுதுன்னா கல்லியில யாரு நம்புவா? கூட்டியாந்து காட்டுவேன். வானமாமலை அண்ணன் பொண்டாட்டி கண்ணு வச்சிருவாளோன்னு கரிக்கோடு கூட இழுத்து விட்டேன். உங்களுக்கும் சேதி வந்திருக்குமே. உங்க வெள்ளக்கோழி நாலு இருந்தும், என் ஒத்தக் கருப்பிக்குச் சமானம் வராதுன்னு நான் சொன்னது.

— வந்துச்சு.

— அவிய போன அன்னையோட நிறுத்திட்டா. மறுநாளு இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. ரெண்டு மாசமா ஒத்த முட்டை கிடையாது. ஊமைச் சீவன், அவளுக்கும் துக்கம். மருந்து ஏதும் அவிய வச்சிருப்பாவளோ, அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னும்தான் இவளத் தூக்கிட்டு வந்தேன்.

— கொஞ்சம் அழுத்திப் பிடி. நழுவுறா.

— பிடிச்சிருக்கேன். மருந்து உண்டா, இல்லியா?

— வெந்நீர் ஆறிப்போச்சு. மாத்திட்டு வாறேன்.

— வெந்நீரு கிடக்கட்டும். அங்க அது ஏன் இந்தக் கத்து கத்துது?

— டாலிதான். எதையாவது பாத்துப் பயந்திருக்கும்.

— பயந்த கத்தலா இது? முட்டையிட்டுட்டுல்லா கத்துது. போயி எடுங்க, இல்லன்னா அதுவே கொத்திரும்.

— இருக்கட்டும் பேராச்சி. அப்புறமா எடுத்துக்கறேன்.

— உங்க கையில ஈரம். கருப்பியப் பிடிங்க, நான் எடுக்கேன். பெட்டி இதுதான?

— வேண்டாம் பேராச்சி. விட்டுரு.

— இன்னா இருக்கு. சூடு. இது... இது கருப்பி முட்டை.

— டாலி இட்டது.

— இல்ல, எனக்குத் தெரியாதா? ரெண்டு வருசம் காலையில காலையில கையில எடுத்தவ. இதே வெள்ளை. இதே கூர். இவ்வளவு பெருசு. கருப்பி சின்ன வயசுல பழுப்பாத்தான் இடுவா, குட்டி குட்டியா. வயசாகி நடுவுல ஒரு வருசம் நிறுத்திட்டு, மறுபடியும் தொடங்குனப்பதான் பெருசாச்சு, வெளுத்துப் போச்சு. ஏன் இப்படின்னு கேட்டேன். 'கோலிவாடா மீன்குப்பத்துல இருந்து கிளிஞ்சல் கொண்டாந்து இடிச்சுப் போடுதேன்லா, அதத் தின்னு ஓடு வெளுக்குது'ன்னாவ. கிளிஞ்சல் இடிச்சத நானே பாத்தேன்.

— உக்காரு பேராச்சி.

— நாட்டுக்கோழி வெள்ள முட்டையிடாது, இல்லியா?

— இடாது.

— கிளிஞ்சல் தின்னாலும்?

— எதத் தின்னாலும்.

— கருப்பி எப்ப நிறுத்துனா?

— அது உனக்கே தெரியும். நடுவுல ஒரு வருசம் நிறுத்தினான்னியே. அதுக்கப்புறம் இடவே இல்ல.

— சொல்லுங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல.

— மூணாவது போனதும் சயான் ஆஸ்பத்திரியில உன்னக் காட்டுனாருல்ல. உடம்புல ரத்தமே இல்ல, தினம் ஒரு முட்டை குடுக்கலன்னா நடமாட மாட்டான்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். கடையில வாங்கிட்டு வந்து வச்சாரு. நீ தொடல. நாலு நாளா அந்தச் செவுத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்துட்டு, அப்புறம் ஒரு வார்த்த சொன்னியாம்.

— 'கருப்பி இட்டாத் தின்னுக்கிடுதேன். இல்லன்னா என்னைய விடுங்க'ன்னேன்.

— அவ நிறுத்தி ஒரு வருசம் ஆச்சுன்னு தெரிஞ்சே சொன்னே.

— தெரிஞ்சேதான் சொன்னேன். தின்ன வேண்டாம், எந்திரிக்க வேண்டாம், போயிருவோம்னு இருந்தேன். மறுநாள் காலையில கூட்டத் தொறக்கேன், முட்டை கிடக்கு. கிழட்டுக் கோழி இடுது, நீ எந்திரிடின்னு யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. அன்னைக்குத்தான் எந்திரிச்சுக் குளிச்சேன்.

— அதுக்கு முந்தின நாள்தான் அவர் இந்த வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வரல. 'உங்க வார்த்தையால எம் பொண்டாட்டி செத்துக்கிட்டு இருக்கா, உங்க முட்டையாலதான் அவள எழுப்பணும்'னாரு. கடை முட்டை வேண்டாமான்னு கேட்டேன். அது நீலமா முத்திரை குத்தி, நாள்பட்டு நாறும், அவ கண்டுபிடிச்சிருவான்னாரு. எல்லாத்தையும் எடுத்துக்கங்கன்னேன். 'சும்மா வாங்குனா தானமாயிரும், அவ வயித்துல நிக்காது. கோழிய நான் பாத்துக்கறேன், வாரமா எடுத்துக்கிடுதேன்'னாரு.

— வெறுங்கையோடதான வந்தாவ.

— மடிச்சுக் கட்டின வேட்டிக்குள்ள வச்சுக்குவாரு. வீட்டுக்கு வந்ததும் நேரா எங்க போவாரு?

— கூட்ட அடைக்க. உள்ள வாறதுக்கு முந்தி, செருப்பக் கூடக் கழத்தாம. ரெண்டு வருசமும் கூட்ட அவியதான் அடைப்பாவ, என்னைய விட மாட்டாவ. கோழி மேல அம்புட்டுப் பிரியம்னு நினைச்சேன். அதுக்கும் எரிச்சல் பட்டேன். காலையில எடுத்தா முட்டை ஜில்லுனு இருக்கும். கருப்பி வெள்ளனவே இட்டுருதான்னு அதுக்கும் ஒரு பெருமை.

— ஒரு நாள் டவுன்ல பஸ் ஸ்டிரைக், எல்லாரும் நடந்தே வந்து கல்லியில தள்ளுமுள்ளு, முட்டை மடியிலயே உடைஞ்சு போச்சு. மறுபடி ஓடி வந்தாரு. இருந்தது ஒண்ணுதான், அதையும் குடுத்தேன்.

— நான் உங்க கையால தின்னிருக்கேன். உங்க வீட்டுத் தண்ணிகூட என் நாக்குல படாதுன்னு குழாயடியில சத்தியம் பண்ணுனவ, ரெண்டு வருசம் உங்க முட்டையத் தின்னுருக்கேன். தின்னுட்டு உங்க கோழி என் கோழிக்குச் சமானம் இல்லன்னு கல்லி கல்லியாச் சொல்லிக்கிட்டு அலைஞ்சிருக்கேன். நீங்க கேட்டுக்கிட்டு உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பிய.

— ஒரு தடவ கூடச் சிரிக்கல.

— சிரிச்சிருக்கலாம். நானா இருந்தா சிரிச்சிருப்பேன். அவிய முகத்தப் பாத்து 'உங்க பொண்டாட்டி பவுசப் பாருங்க'ன்னு சொல்லியிருப்பேன்.

— அழுறியா?

— தெரியல. வருது. ரெண்டு மாசமா வராதது இப்பம் வருது. வேற வீடு இல்லல்லா? சத்தியமா?

— எங்க மாதா மேல. முட்டை எடுத்தா நேரா உன் வீட்டுக்குத்தான்.

— கொஞ்சம் தண்ணி தாங்க அக்கா.

— இந்தா. மெதுவாக் குடி. அதுக்குள்ள நான் இவ அடுத்த காலையும் தேய்ச்சு முடிச்சிடறேன்.

— எனக்காகவா வந்தாவ. நான் என்னெல்லாம் நினைச்சேன் தெரியுமா? இங்க வெத்தல மடிச்சுக் குடுப்பிய, அவிய வாயில போட்டுக்கிட்டு முக்காலியில சாஞ்சிருப்பாவன்னு. கல்லியில யாரு சிரிச்சாலும் என்னையத்தான் சிரிக்காவன்னு. இம்புட்டுக்கும் அவிய ஒரு முட்டைக்காக உங்க கோழிக் காலக் கழுவிக்கிட்டு இருந்திருக்காவ. எனக்காக. தோல் ஷாப்புல பகல் முழுக்கச் சுண்ணாம்புல நின்ன காலோட, இங்க வந்து குத்தவச்சு, கண்ட கோழிக்கும் பேன் பாத்திருக்காவ. ஒரு வார்த்த என்கிட்ட சொல்லல பாருங்க.

— சொன்னா நீ தின்ன மாட்டே.

— தின்ன மாட்டேன்தான். அதுக்குத்தான சொல்லல. அவிய எம்புட்டுப் பிரியம் வச்சிருந்திருக்காவன்னு இப்பல்லா தெரியுது. உங்களுக்கு வருத்தமா இருக்கும் அக்கா.

— எனக்கென்ன வருத்தம்?

— இல்ல, தினமும் ஒரு மனுசன் வந்து இருந்து பேசுனா நம்மளுக்காக வாறாவன்னு மனசு கொஞ்சம் நினைக்கும்லா. ஜோசப்ராஜ் அண்ணன் போயி எட்டு வருசமாச்சு உங்களுக்கு. ஒத்தையில கிடக்கிய. நீங்க டீ போட்டு வச்சிருப்பிய, முக்காலிய இழுத்துப் போட்டிருப்பிய. அவிய என்னன்னா ஒரு முட்டையில கண்ணா இருந்திருக்காவ. அத நினைச்சாப் பாவமாத்தான் இருக்கு.

— முட்டைய வாங்கிட்டுப் போக ரெண்டு நிமிசம் போதும் பேராச்சி.

— கோழியப் பாக்கணும்லா. வாரம்னா சும்மாவா.

— நாலு கோழியப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? இப்ப உன் கருப்பிக்கு ரெண்டு காலும் முடிச்சிட்டோம். அரை மணி ஆச்சா?

— நோவு இருந்தா நேரம் ஆகத்தான செய்யும்.

— நோவு இருந்தா.

— என்ன சொல்லுதிய?

— ஒண்ணுமில்ல. கருப்பியத் தூக்கிக்க. சாம்பல் இந்த டப்பாவுல இருக்கு, பொகையிலத் தூளு கலந்தது. செறகுக்கு அடியில, பின்பக்கம், நல்லாத் தடவு. ஒரு வாரம் கழிச்சு மறுபடி தடவணும், முட்டைக்குள்ள இருக்கிற பேன் அப்பத்தான் வெளிய வரும். ரெண்டு தடவ ஒழுங்காச் செஞ்சா அதோட தீந்துரும்.

— ரெண்டு தடவயிலயா? உங்க கோழிக்கு அவிய ரெண்டு வருசமால்லா சாம்பல் போட்டாவ?

— ஆமா.

— அப்பம் ஏன் தீரல?

— அண்ணாச்சி கையிலயும் ரெண்டே தடவயில தீந்துச்சு. காலும் ரெண்டு மாசத்துல சரியாப் போச்சு. ஒரு நாள் நாலு கோழியையும் தூக்கிப் பாத்துட்டு, 'இனிமே நான் வாசல்ல நின்னு முட்டைய வாங்கிட்டுப் போயிடுதேன், கோழிக்கு இனி ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல'ன்னாரு. அன்னைக்கு இந்த முக்காலியில உக்காரவே இல்ல. நின்னுக்கிட்டே சொன்னாரு.

— பொறவு?

— நீ கேக்காத பேராச்சி.

— நான் கேக்கத்தான வந்தேன்.

— உன் கருப்பி மேல இருக்கிற பேனு அவர் சட்டையில ஏறி உன் வீட்டுக்கு வந்தது. அவர் சட்டைக்கு என் கோழியில இருந்து வந்தது. அவர் அப்படி நின்னுக்கிட்டே சொன்ன மறுநாளே நான் மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போனேன். கோழிக் கூடைக்கு அடியில கிடந்த பேன் பிடிச்ச இறகெல்லாம் பொறுக்கி மடியில கட்டிக்கிட்டு வந்து, என் கோழிக மேல என் கையாலயே தூவுனேன். தீந்து போற ஒவ்வொரு தடவையும் போனேன்.